27–28, பாக்கி 50 விநாடி, டூ ஆர் டை: ரெய்டர் எங்க தப்பு பண்ணினார்?

பள்ளத்தூர்க்காரன்:
காரைக்குடிப் பக்கம் நாக்-அவுட் கபடி, அரையிறுதி. எங்க டீம் 27, எதிர் டீம் 28. ஆட்டம் முடிய 50 விநாடி. எங்க ஆளுங்க 4 பேர் உள்ள, அவங்க 3 பேர்: ரெண்டு கார்னர் (ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க), ஒரு கவர் (கார்னருக்கு உள்பக்கம் நிக்கிறவர்). முந்தி நாங்க பாடின (ரெய்டு போன) ரெண்டுமே எம்டி, அதாவது பாயிண்ட் இல்லாம திரும்பினது. அதனால இது டூ ஆர் டை: இப்பவும் பாயிண்ட் எடுக்காம திரும்பினா ரெய்டர் அவுட். ரெய்டர் நடுவுல இறங்கி, 18வது விநாடியில ரைட் கார்னருக்குக் காலை நீட்டினார். அந்தக் கார்னர் கணுக்காலைப் பிடிச்சுட்டார், கவரும் மேல வந்து விழுந்துட்டார். சூப்பர் டேக்கிள் (மூணு பேரோ அதுக்குக் குறைவோ இருந்து ரெய்டரைப் பிடிச்சா ரெண்டு பாயிண்ட்), 27–30. அடுத்த ரெய்டுல அவங்க ஒரு டச் எடுத்து 27–31. ஊரே "கையால தொட்டிருக்கணும்"னு அந்தப் பையனைத் திட்டுது. விஷயம் காலா கையாங்கிறதுதானா?

செம்மண்:
இல்லை. அவர் உள்ள நுழைஞ்ச இடம்தான் முதல் தப்பு. ரைட் கார்னர் நிக்கிறது ரெய்டருக்கு இடது கைப் பக்கம். நடுவுல இறங்கி இடது பக்கம் திரும்பினா லெஃப்ட் கார்னர் முதுகுக்குப் பின்னாடி போயிடுவார், கவர் வீட்டுக்குத் திரும்புற வழியில நிப்பார். மூணு பேர் இருக்கும்போது இடது ஓரமாவே, லாபி (களத்தோட பக்கவாட்டுப் பட்டை) கோட்டை ஒட்டி இறங்கணும். அப்ப மூணு பேரும் கண்ணுக்கு முன்னாடி ஒரே பக்கம் இருப்பாங்க. தொடுறதுக்கு முந்தி லாபியில கால் பட்டா அவுட், அதனால கோட்டுக்கு உள்பக்கம் ஒரு சாண் விட்டுக்கணும். தொட்ட பிறகு லாபி 1 மீட்டரும் நமக்குத்தான், அந்த வழியே ஓடி வந்துடலாம்.

அளவையும் பாருங்க. நடுக்கோட்டுலருந்து பாக் லைன் (யாரையும் தொடலைன்னா ரெய்டர் தாண்டியே ஆகவேண்டிய கோடு) 3.75 மீட்டர், போனஸ் கோடு 4.75, கடைசிக் கோடு 6.5. கார்னர் போனஸ் கோட்டுக்குப் பின்னாடிதான் நிப்பார். அங்க கால் மாட்டினா கிட்டத்தட்ட 5 மீட்டர் திரும்பணும். 1.7 மீட்டர் உயர ஆள் கையை நீட்டிக் குப்புற விழுந்தாலும் கால்லருந்து விரல் நுனிவரை 2.2 மீட்டருக்குக் கொஞ்சம் முன்னப்பின்னதான் வரும். மிச்சம் கிட்டத்தட்ட 3 மீட்டரை ரெண்டு பேரை இழுத்துக்கிட்டு வரணும். கவர் பாக் லைன் பக்கம் முன்னேறி வர்ற நேரத்துல தொட்டிருந்தா மிச்சம் ஒன்றரை மீட்டர்தான்.

தேவகோட்டை கோச்சிங்:
அண்ணன் சொன்ன அளவு சரி, ஆனா டூ ஆர் டைல கவர் ஏன் முன்னேறி வரப் போறார்? தொட்டே ஆகணும்னு தெரிஞ்சதும் மூணு பேரும் பின்னாடி போய் உட்கார்ந்துக்குவாங்க. கார்னரை விட்டா வழியே இல்லை. என் கணக்குல தப்பு மூணாவது ரெய்டுல இல்லை, முதல் ரெண்டுல. அவங்க மூணு பேரா இருக்கிறதால போனஸ், அதாவது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைச்சா வர்ற பாயிண்ட், கிடையாது (அதுக்கு 6 பேர் வேணும்). சூப்பர் டேக்கிள் ஆபத்து மூணு ரெய்டுலயும் ஒண்ணுதான். முதல் ரெய்டுல மட்டும்தான் இவர் சும்மா திரும்புவாரா, பாய்வாரான்னு அவங்களுக்குத் தெரியாது. அப்ப மாட்டியிருந்தாலும் பிடிச்சு ஈடுகட்ட நேரம் இருந்திருக்கும். ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கிற டீம் ரெய்டோட 30 விநாடியையும் நின்னு கழிச்சா அது எதிராளி வேலையை நாமே செய்யுறது. எம்டி அடிக்கச் சொன்னது ரெய்டரா, வெளியிலருந்து கோச்சா?

பள்ளத்தூர்க்காரன்:
வெளியிலருந்துதான் "பாத்து வா, பாத்து வா"ன்னு சத்தம். இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். நடுவுல அவங்க பாடின ரெண்டும் எம்டிதான்.

தேவகோட்டை கோச்சிங்:
அப்ப அவங்களுக்கும் அடுத்தது டூ ஆர் டை! நமக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு டச். 28–28 ஆனதும் தொடப்பட்டவர் வெளிய, நம்ம ஆள் ஒருத்தர் திரும்ப உள்ள: அவங்க 2 பேர், நம்ம 5 பேர். அந்த ரெண்டுல ஒருத்தர் அஞ்சு பேருக்குள்ள வந்து தொட்டே ஆகணும், போனஸும் இல்லை. தொடாம திரும்பினாலும் நமக்கு ஒரு பாயிண்ட். இதை அந்தப் பையனுக்கு யாராவது சொல்லியிருந்தா பாய்ச்சலே வேற மாதிரி இருந்திருக்கும். டைம் அவுட் மிச்சம் இருந்திருந்தா கேட்க வேண்டிய இடம் அதுதான். 2022 புரோ கபடி அரையிறுதியில தமிழ் தலைவாஸ் புனேரி பல்டன்கிட்ட 37–39ன்னு தோத்தது. நாக்-அவுட்ல ரெண்டு பாயிண்ட்ங்கிறது ஒரே ஒரு சூப்பர் டேக்கிள். அந்தப் பையனைத் திட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க, பாவம்.

கொத்தரி:
பயிற்சிக்கு ஒண்ணு. 3 பேரைப் பின்னாடி உட்கார வைச்சு, எல்லா ரெய்டும் டூ ஆர் டைன்னு வைச்சுக்குங்க. ஒரு ஆளுக்கு 10 ரெய்டு. வெளியிலருந்து ஒருத்தர் விநாடியை 10, 20, 25ன்னு குரல் கொடுக்கணும். 10 வரைக்கும் இடது ஓரத்துல பாக் லைனைத் தாண்டி உள்ள வெளிய ஆடிக் காட்டணும். 20 வரைக்கும் வலது ஓரத்துக்கு மாறி, கவரை அந்தப் பக்கம் இழுக்கணும். 20க்கு மேல சட்டுன்னு இடதுக்குத் திரும்பி, தனியா நிக்கிற கார்னர் மேல பாய்ச்சல். அந்த ஆட்டத்துல 18லயே கால் நீட்டினப்ப கவர் நகரவே இல்லை, அதான் உடனே வந்து விழ முடிஞ்சது.

கால்தான் போடணும்னா பாரத்தைப் பின்னங்கால்ல வைச்சுட்டு, நுனிவிரலை மட்டும் கொடுங்க. செம்மண் தரையில முன்னங்கால்ல பாரம் போட்டா வழுக்கும், இழுக்கிறதுக்குள்ள கணுக்கால் அவர் கையில இருக்கும்.