பாட்டியின் ஓட்டு, மே தின பஸ், என் பென்ஷன்

த்ரியோலே அக்கா:
மொரீஷியஸ் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று எங்கள் வீட்டில் விவாதமே நடந்ததில்லை. கரும்பு வெட்டிய பாட்டி சொன்னால் சொன்னதுதான், தொழிலாளர் கட்சி. 1948 தேர்தலில் ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், தமிழிலும் எழுதிக் காட்டலாம் என்று விதி வந்ததும், பகலெல்லாம் தோட்டத்தில் வெட்டிவிட்டு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் அ, ஆ பழகினாராம். கத்தி பிடித்த கையில் சிலேட்டுக் குச்சி உடைந்துகொண்டே இருக்குமாம். அதற்கு ஐந்து வருஷம் முன்புதான் பெல் வூ ஆரெல் கரும்புத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போலீஸ் சுட்டு, கர்ப்பிணி அஞ்சலை உட்பட நாலு பேர் போனார்கள். இன்று அஞ்சலை பெயரில் ஸ்டேடியம் இருக்கிறது, பந்து பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு அது யாரென்று தெரியாது.

நானும் 2024 நவம்பரில் பழக்கதோஷத்தில் அதே பக்கம்தான் போட்டேன், கூட்டணியாக நின்று மொரீஷியஸ் தீவின் இடங்களில் 60-க்கு 60 ஜெயித்தார்கள். 2025 ஜூன் பட்ஜெட்டில், 60 வயதில் கிடைத்துவந்த பென்ஷன் படிப்படியாக 65-க்குப் போகிறது என்றார்கள். எனக்கு 58, தையல் ஃபாக்டரியில் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது.

ரோஸ் ஹில் தம்பி:
அக்கா, நான் மே தினக் கூட்டத்துக்கு ஒரு கட்சி பஸ்ஸில் போனேன் (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லோரிடமும் பஸ் உண்டு). டி-ஷர்ட், பிரியாணிப் பொட்டலம், கையில் ஒரு கொடி. பேச்சு பாதியில் இருக்கும்போதே டிரைவர் ஹார்ன் அடிக்க, எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டோம். சம்பளத்தைப் பற்றி மேடையில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரியாணியில் உருளைக்கிழங்குதான் அதிகம்.

போர் லூயிக்காரர்:
என் அப்பா 1971 துறைமுக வேலைநிறுத்தத்தில் நின்றவர், எம்எம்எம் என்ற இடதுசாரிக் கட்சி ஆள். 1982-ல் அவர்கள் கூட்டணியும் இதே 60-க்கு 60 எடுத்தது, மறு வருஷமே அரசாங்கம் உடைந்தது. அதற்கப்புறம் அப்பா ரேடியோவில் தேர்தல் செய்தி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

த்ரியோலே அக்கா:
போன வாரம் கட்சி ஏஜென்ட் ஒருவர் வந்தார், நன்றாகத்தான் பேசினார். பென்ஷனைக் கேட்டேன், என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, சுவரில் இருக்கும் தொழிலாளர் கட்சியின் சாவிச் சின்னப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இன்னும் ஏன் கழற்றவில்லை என்று மகளும் கேட்கிறாள். கழற்றினால் பின்னால் இருக்கிற ஈரக்கறை தெரியும், சுண்ணாம்பு அடிக்க இப்போது காசில்லை.