சென்சரை மாற்றியும் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை

எங்கள் புளோக்கின் அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாவது தளத்திலிருந்து வளைந்து இறங்கும்போதுதான் அந்த மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரியும் (ஏபிஎஸ் என்பது அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). எஞ்சினை அணைத்துப் போட்டால் போய்விடும். பிஐஇ விரைவுச்சாலை முழுக்க ஓட்டினாலும் வராது. மறுநாள் அதே சரிவில் திரும்ப வரும். மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும்தான். ஆனாலும் மழையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சீட்டில் அம்மா இருக்கும்போது அதை எப்படி விட முடியும்?

முதலில் போன வொர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தார்கள். வந்த பிழைக் குறியீடு சி0035, இடது முன்சக்கரம். உடனே அந்தச் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சரை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

அப்புறம் காக்கி புக்கிட்டில் ஒரு அங்கிளிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. ஸ்கேனரை மாட்டி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவாக ஓட்டு" என்றார். திரையில் நான்கு சக்கரங்களின் வேகமும் ஓடின. நேராகப் போகும்போது நான்கும் 20. ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்ததும் இடது முன்சக்கரம் மட்டும் 0. வளைவில் சக்கரங்களின் வேகம் கொஞ்சம் மாறும், சரி. ஓடுகிற சக்கரம் பூஜ்யம் காட்டினால் சிக்னல் அறுபடுகிறது என்று அர்த்தம்.

பல கார்களில் சென்சரோடு ஒயரும் சேர்ந்தே வரும். என் காரில் ஒயர் தனி. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் ஷாக் அப்சார்பர் பக்கத்தில் அது இழுபட்டிருக்கிறது. வெளியே உறை நன்றாகத்தான் இருந்தது, உள்ளே செம்பு முறிந்திருந்தது. அந்தக் குறியீடு சொன்னது அந்தச் சக்கரத்தின் சர்க்யூட்டை. சென்சர்தான் கெட்டது என்று அது சொல்லவில்லை.

அந்த அங்கிள் இன்னொன்றும் சொன்னார். பழைய காயில் வகை சென்சரை ஓம் மீட்டரில் அளக்கலாம், பெரும்பாலும் 1000 ஓம் சுற்றி வரும். புதிய ஆக்டிவ் வகையை அப்படி அளக்கக் கூடாது. அதற்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னல் 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி வரும்.

*

மேலே எழுதியவருக்கு நடந்ததற்கு நேர்மாறு என் அனுபவம். விளக்கே எரியவில்லை. சிக்னலில் நிற்கப் போகும்போது, வேகம் 10க்குக் கீழே இறங்கியதும், பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும், கார் ஓர் அடி முன்னே நழுவும். காய்ந்த ரோட்டில்! முன்னால் ஆள் கடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறும்.

ஆளில்லாத இடத்தில் ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். உதறல் இல்லை. அப்படியானால் உதறியது ஏபிஎஸ்தான். டிரைவ் ஷாஃப்டில், சென்சர் வேகத்தைக் கணிக்கப் பார்க்கும் பல் வளையத்தில் மயிரிழை விரிசல். அந்த இடத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி கூடியதால், சக்கரம் திடீரென்று நிற்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வீல் பேரிங் மாற்றிய மறுநாளே யாருக்காவது விளக்கு வந்தால், பேரிங்கைத் திருப்பிப் போட்டார்களா என்று கேளுங்கள். பல புதிய பேரிங்குகளில் ஒரு முகத்தில்தான் சென்சர் படிக்கும் காந்தம் இருக்கும். அது சென்சர் பக்கம் வரவேண்டும்.