பழைய டெஸ்க்டாப் ஒன்பது வந்திருக்கு, மாலை வகுப்புக்கு எத்தனை தேறும்?

மாலைவகுப்பு:
வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல பிள்ளைங்களுக்கு மாலை வகுப்பு நடத்தறேன். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ரிசல்ட், எதுக்கும் டவுன் பிரவுசிங் சென்டருக்குப் பஸ் ஏறணும். தம்பி வேலை பார்க்கிற ஆபீஸ்ல கழிச்ச டெஸ்க்டாப் ஒன்பதைக் கொடுத்திருக்காங்க. கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம் (ஒரே குச்சி), 160 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. மூணு ஆன் ஆகவே இல்ல. மத்ததுல எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது'ன்னு வருது. வைரஸா? பார்க்க வந்தவர் "எடைக்குப் போடுங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டார்.

சோழன்77:
கீழ் மூலையில தேதி என்ன காட்டுது?

மாலைவகுப்பு:
அட, 2009 ஜனவரி 1!

பழைய_சாலிடர்:
வைரஸ் இல்லம்மா. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர் 2032. அது தீர்ந்தா கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிரும். தளம் நிஜமானதுன்னு காட்டற சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லன்னு பிரவுசர் நினைச்சுக்கும். வாட்ச் கடையிலயே செல் கிடைக்கும்.

அந்த மூணையும் உடனே செத்ததா எழுதிராதீங்க. பவரை உருவிட்டு, ரேமைக் கழட்டி, அதோட தங்கப் பற்களை அழிரப்பரால மெதுவாத் தேய்ச்சு, தூசி ஊதி, திரும்ப மாட்டுங்க. சென்னை ரிச்சி தெருவுல நான் பெஞ்ச்சுல உட்கார்ந்த காலத்துல 'டெட்'னு வந்து இப்படியே எழுந்தது எத்தனையோ. கஸ்டமர் கண்ணு முன்னாடி தேய்க்காதடான்னு முதலாளி திட்டுவார், சர்வீஸ் சார்ஜ் கேட்க முடியாதாம்! போர்டுல சின்ன டின் மாதிரி நிக்கற கெப்பாசிட்டரோட தலை உப்பியிருந்தா அதை விட்டுருங்க. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கற எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் நீங்களோ பிள்ளைங்களோ திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

ஒன்பதும் ஓடணும்னு ஆசைப்படாதீங்க. எழாததுல இருக்கற ரேமை ஓடறதுக்கு மாத்தினா அது 4 ஜிபி ஆயிரும். அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்க. 2 ஜிபி மெஷினுக்கு லுபுண்டு, இல்ல ஆன்டிஎக்ஸ். அதுல ரெண்டு டேபுக்கு மேல திறந்தா திணறும், பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. விண்டோஸ் 7-க்கு குரோம் 2023-லயே கைவிரிச்சாச்சு. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுது. 11 இந்த மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கையில காசு வந்தா முதல்ல ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா வேகமான 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்க, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. அந்த ஆபீஸ் கணக்கு, ஆட்களோட ஆதார் நகல் எல்லாம் அந்த டிஸ்க்லயே கிடக்கும். ஃபார்மட் பண்றது வாசல் பெயர்ப்பலகையைக் கழட்டற மாதிரி, ஆள் உள்ளேயேதான் இருப்பார். டிஸ்க்கை அழிக்கறதுக்கு ஷ்ரெட்ஓஎஸ்னு ஒரு புரோகிராம் இருக்கு, பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ஒரு தடவை முழுசா மேலெழுதுங்க. இந்த வகை டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கிருங்க.

கரண்ட்கம்பி:
அண்ணன் மிச்சத்தைப் பத்திச் சொல்லல. தேறாததைத் தெரு காயலான் கடைக்குப் போட்டா, செம்புக்காக ஒயரை எரிப்பாங்க, தங்கத்துக்காகப் போர்டை ஆசிட்ல முக்குவாங்க. எங்க தெரு முனையில அந்தப் புகைநாத்தத்தை நானே அனுபவிச்சிருக்கேன். மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1-லேர்ந்து நடப்புல இருக்கு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கிட்டதான் போகணும். ஒரு சாக்குல சேர்த்து வெச்சு மொத்தமாக் கொடுங்க. பழைய குண்டு மானிட்டர் வந்திருந்தா உடைக்காதீங்க, கண்ணாடியில ஈயம். யூபிஎஸ் பேட்டரியைப் பேட்டரிக் கடையிலயே எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்குவாங்க.

மாலைவகுப்பு:
அண்ணே, ரப்பர் வேலை செஞ்சுது! மூணுல ஒண்ணு எழுந்துருச்சு, ஆக ஏழு ஓடுது. எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்திதான் தேய்ச்சா. இப்ப பென்சில் டப்பாவுல அழிரப்பர் தனியா வெச்சிருக்கா, "கம்ப்யூட்டருக்கு மட்டும்"னு எழுதி. உப்பின ரெண்டோட ரேம் ரெண்டு மெஷினுக்குப் போயிருச்சு, மூடியைத் திறந்து பாகங்களுக்குப் பேர் ஒட்டி வெச்சிருக்கோம்.

ஷ்ரெட்ஓஎஸ் நாலு டிஸ்க் முடிச்சாச்சு. அஞ்சாவது பாதியில 'கடக் கடக்'ன்னு சத்தம் போடுது. போயிருச்சா?

பழைய_சாலிடர்:
போயிருச்சும்மா. டிஸ்க்கைக் கழட்டி, உள்ளே இருக்கற வட்டத் தட்டுல நல்லா ரெண்டு ஓட்டை போட்டு, அந்தச் சாக்குல சேருங்க.