9 பேர், 3 பதவி, விடை 448 எப்படி? (அவசரம்)

கொக்குவில்_உயர்தரம்: இணைந்த கணிதம், வரிசைமாற்றம். சங்கத்தில் 9 பேர், தலைவர் செயலாளர் பொருளாளர் தெரிய வேண்டும், எத்தனை வழி? ரியூசன் தாளில் விடை 448. எனக்கு 84தான் வருது. நாளைக்கு ரெஸ்ற், கெதியாச் சொல்லுங்கோ.

பனங்கிழங்கு: 84 என்றால் சேர்மானம் போட்டிருக்கிறீர். சும்மா மூன்று பேரைப் பொறுக்க அது சரி. இங்கே பதவி வேறு வேறு, அதே மூன்று பேர் 6 விதமாக மாறி இருக்கலாம், ஆகவே 504. கேள்வியை முழுசாப் போட்டீரா?

மானிப்பாயான்: தாள்தான் பிழை. இவங்கட விடைகள் எப்பவும் இப்படித்தான், 504 என்று எழுதிவிட்டுப் போம்.

சுன்னாகம்_அக்கா: ஒருவரே இரண்டு பதவி வகிக்கலாமோ? அப்படியென்றால் 9 × 9 × 9, 729. ம்ம், அதுவும் இல்லை.

கணக்குப்புலி: முதல் பயிற்சியிலேயே வருகிற விஷயத்துக்கெல்லாம் இழை திறக்கிற காலம். 448 என்பது 8 × 8 × 7. யாரோ ஒருவர் ஏதோ ஒரு பதவிக்கு வரக்கூடாது என்று நிபந்தனை இருக்கும், தம்பி அதை விழுங்கிவிட்டார்.

கொக்குவில்_உயர்தரம்: தம்பி இல்லை. ஓம், ஒருவர் பொருளாளராக விரும்பவில்லை என்று இருக்கு, சும்மா கதைக்குப் போட்டது என்று விட்டுட்டேன். இப்ப 9 × 8 போட்டாப் பிறகு கடைசிக்கு 7ஆ 6ஆ?

பனங்கிழங்கு: அங்கேதான் எல்லாரும் மாட்டுவது தங்கச்சி. அந்த ஆள் ஏற்கெனவே தலைவராகவோ செயலாளராகவோ போயிருந்தால் 7, இல்லாவிட்டால் 6. அதனால் இடக்கு உள்ள கதிரையை முதலில் நிரப்பும். பொருளாளருக்கு 8 பேர். பிறகு அந்த ஆளும் சேர்ந்து மிச்சம் 8 பேர், தலைவருக்கு 8, செயலாளருக்கு 7.

கணக்குப்புலி: கழித்தால் ஒரு வரி. அந்த ஆள் பொருளாளரான வழிகள் 8 × 7 = 56. 504 − 56.

பனங்கிழங்கு: ஒருவர் தலைவர் வேண்டாம், இன்னொருவர் பொருளாளர் வேண்டாம் என்றால்? இரண்டு தரம் 56ஐக் கழித்து 392 என்று எழுதப் பிள்ளைகள் பழகிவிடும். இருவரும் வேண்டாத கதிரையிலேயே இருக்கிற 7 வழியைத் திரும்பக் கூட்ட வேண்டும், 399.

கணக்குப்புலி: அது எனக்குத் தெரியாதா?

சுன்னாகம்_அக்கா: பொருளாளர் வேண்டாம் என்றவர்தான் புத்திசாலி. எங்கட சனசமூக நிலையத்தில் கணக்கறிக்கை வாசிக்கிற அன்றைக்குத்தான் சண்டையே.

மானிப்பாயான்: எங்கட நிலையத்தில் நான் அறிய ஒரே தலைவர்தான் அக்கா, வரிசைமாற்றத்துக்கே வேலை இல்லை. தாள் பிழை என்றுதான் இன்னும் சொல்லுவன், நிபந்தனையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேணும்.

கொக்குவில்_உயர்தரம்: 448 வந்திட்டுது. நன்றி.