மறு: ‘பூட்’ – துவக்கமா, கிளப்பலா, எழுப்பலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தீநிரல் (மால்வேர்) தாக்கிய கணினியை மீட்பது பற்றிய கையேட்டுக்காக, பொத்தானை அழுத்தியதிலிருந்து இயங்குதளம் வரும் வரை நடக்கும் ‘பூட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் கையேட்டின் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தனியாக நிற்கும்போது எல்லாச் சொல்லும் நன்றாகவே இருக்கிறது. “இந்த நிலையில் இதைச் செய், அதைத் தொடாதே” என்று ஒருவருக்கு வழி சொல்லும் வாக்கியத்தில் போட்டால்தான் எது தாங்கும், எது முறியும் என்று தெரிகிறது.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டும். பழுது பார்க்கும் கடைக்கு வருபவர் பெரும்பாலும் “ஆன் ஆகவில்லை” என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார். பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியாததும் அதுதான். விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, கருந்திரையில் இயங்குதளம் இல்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடுவதும் அதுதான். விண்டோஸ் அடையாளம் வரை வந்து, நீலத்திரை காட்டி, மறுபடி முதலிலிருந்து ஓடுவதும் அதுதான். கடவுச்சொல் கேட்டு, உள்ளே விட்டு, உடனே வெளியே தள்ளுவதும் அதுதான்.

நான்கும் வெவ்வேறு பழுதுகள். நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பலரும் கண்ட தொல்லை. பயனர் உள்ளே நுழைந்ததும் ஓட வேண்டிய யூசர்இனிட் என்ற நிரலின் இடத்தில் தன் கோப்பின் பெயரைத் தீநிரல் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எழுதிவைத்திருக்கும். தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, பதிவேட்டு வரியை அப்படியே விட்டுவிடும். இல்லாத கோப்பைத் தேடித் தோற்ற விண்டோஸ் பயனரை வெளியேற்றிவிடும். ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்துபோகும் பழுது அது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் தீர்வும் ஒன்றாகிவிடுகிறது: வன்தட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது. கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் ஆய்வேடும், அவற்றுக்கு எந்தச் சேதமும் இல்லாதபோதே, இப்படி அழிந்துபோகின்றன. இது எனக்குப் பொறுக்கவில்லை. நான்கையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் தமிழில் புழங்கினால் இதில் ஒரு பகுதியையாவது தடுக்கலாம்.

இனிப் பரிந்துரைகள்.

‘துவக்கம்’ ஏற்கெனவே பல இடைமுகங்களில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. பழகிய சொல்லை மாற்றக் கூடாது என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் செயலியைத் திறப்பதும் துவக்கம், விண்டோஸின் ‘ஸ்டார்ட்’ பொத்தானும் தொடக்கம், பதிவிறக்கம் ஆரம்பிப்பதும் துவக்கம். “துவக்கத்தில் ஓடும் நிரல்களை நிறுத்துக” என்று எழுதினால், இயங்குதளம் வருவதற்கு முந்தைய நிலையா, வந்த பிறகா என்று படிப்பவருக்குத் தெரியாது. தீநிரலைத் தேடும்போது இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. அதோடு, யாழ்ப்பாணத்து அம்மையார் எழுதியதை யாரும் கண்டுகொள்ளாமல் கடந்துவிட்டது சரியல்ல. இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. “துவக்குப் பிரிவு சிதைந்துவிட்டது” என்ற வரி அங்கே எப்படிப் படிக்கப்படும் என்று அவர் கேட்டிருந்தார். போரைக் கண்ட மக்களும் படிக்கப்போகும் கையேட்டில் இது சிறிய காரணம் அல்ல.

‘ஏற்றம்’ வேண்டாம். பதிவேற்றமும் மின்னேற்றமும் ஏற்கெனவே அந்த இடத்தை நிறைத்துவிட்டன.

‘கிளப்பு’ என்ற கோவை நண்பரின் பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “வண்டி கிளம்பவில்லை” என்று எல்லோரும் சொல்கிறோம்; கணினியும் அப்படியே வந்துவிடும் என்கிறார். வாயில் எளிதாக வருகிறது. ஆனால் கிளம்புதல் என்பதில் இடம்விட்டுப் போவது இருக்கிறது. “கணினி கிளம்பிவிட்டது” என்றால் எங்கே என்ற கேள்விதான் முதலில் எழும். ‘வெளிக்கிடு’ என்ற ஈழ வழக்குக்கும் இதே தடை. மேலும் கிளப்புவது என்றதும் வதந்தியும் புழுதியும் கூடவே வருகின்றன. ‘கிளப்பி’ என்று ஒரு நிரலுக்குப் பெயர் வைத்தால் அது முதலில் நினைவூட்டுவது அவற்றைத்தான்.

என் பரிந்துரை ‘எழு – எழுப்பு’. கணினி எழுகிறது, அதை எழுப்புவது எழுப்பி, அந்த நிகழ்வு எழுகை.

ஆங்கிலச் சொல்லின் மூலம் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளும் கற்பனை. அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகிறீர்கள். நான் ஒப்பவில்லை. உள்ளே நடப்பதைப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் (ஃபர்ம்வேர்) ஓடுகிறது. அது வன்பொருளைச் சோதித்து, வட்டில் உள்ள எழுப்பியை எழுப்புகிறது. எழுப்பி இயங்குதளத்தின் மையமான கருவகத்தை (கெர்னல்) எழுப்புகிறது. கருவகம் மற்றவற்றை எழுப்புகிறது. ஒவ்வொன்றும் அடுத்ததை எழுப்பிவிட்டுப் பொறுப்பை அதன் கையில் கொடுக்கிறது. தன்வினையும் பிறவினையும் இணையாக உள்ள சொல் இதற்குத் தேவை; எழு – எழுப்பு அதைத் தருகிறது. “எழவில்லை” என்றால் விளைவு. “எதை எது எழுப்பவில்லை?” என்றால் அதுவே பழுதைத் தேடும் முதல் கேள்வி.

இந்தச் சங்கிலியில் தீநிரல் எங்கே உட்காருகிறது என்பதைச் சொல்லவும் இதே சொல் உதவுகிறது. பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டின் முதல் துண்டம் (செக்டர்) 512 பைட்டுகள். அதில் 446 பைட்டுகள் எழுப்பும் நிரல், 64 பைட்டுகள் வட்டுப் பிரிவுகளின் அட்டவணை, கடைசி இரண்டு பைட்டுகள் முத்திரை. ஆங்கிலத்தில் எம்பிஆர் எனப்படும் இதை ‘முதன்மை எழுப்புத் துண்டம்’ எனலாம். 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெயின் என்ற தீநிரல், நெகிழ்வட்டின் (ஃபிளாப்பி) எழுப்புத் துண்டத்தில் தன்னை வைத்துக்கொண்டு, அசலை வேறிடத்துக்கு நகர்த்தியது. யாராவது அந்தத் துண்டத்தைப் படிக்கக் கேட்டால் நகர்த்திவைத்த அசலை எடுத்துக் காட்டியது. தாக்கப்பட்ட இயங்குதளத்தின் உள்ளிருந்து தேடினால் போதாது, வெளியிலிருந்து எழுப்பித் தேட வேண்டும் என்று இன்றும் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியே புறப்பட்டு உலகம் முழுக்கப் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரலில் இன்னொரு பாடம் இருக்கிறது. அது எழுப்புத் துண்டத்தைத் தன் நிரலால் மாற்றி எழுதி, கணினியை மீளெழுப்பியது. திரையில் வட்டுச் சரிபார்ப்பு நடப்பதுபோல் எண்கள் ஓடின. உண்மையில் அந்த நேரத்தில் கோப்பு அட்டவணை மறையாக்கப்பட்டுக்கொண்டிருந்தது (என்கிரிப்ஷன்). அந்தத் திரையைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டித்தால் மிஞ்சியதைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது. இதை ‘துவக்கம்’ வைத்து எழுதிப் பார்த்தேன். “துவங்கும் முன் நிறுத்துக” என்று குழப்பமாக வந்தது. “கணினி எழுந்திருக்கிறது, ஆனால் எழுப்பியது விண்டோஸின் எழுப்பி அல்ல. உடனே மின்சாரத்தை நிறுத்துக” என்று எழுதினால் படிப்பவர் கை சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போகும்.

சொல்லைச் சோதிக்க எனக்கு மிகவும் பயன்பட்டது 2010 பிப்ரவரியில் நடந்தது. அம்மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்10-015 என்ற பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவியதும் பல எக்ஸ்பி கணினிகள் நீலத்திரையில் விழுந்து, மீண்டும் மீண்டும் எழ முயன்று தோற்றன. இதை ‘எழுகைச் சுழல்’ என்று சொல்லலாம். திருத்தமே பழுது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். விநியோகம் நிறுத்தப்பட்டது. ஆராய்ந்தபோது, அந்தக் கணினிகளில் அலுரியான் என்ற தீநிரல் முன்பே குடியிருந்தது தெரிந்தது. அது ஏடிஏபிஐ போன்ற, வட்டைப் படிக்க உதவும் இயக்கிக் (டிரைவர்) கோப்புக்குள் புகுந்து, கருவகத்தின் செயற்கூறுகள் (ஃபங்ஷன்) எந்த முகவரியில் இருக்கும் என்பதை நிலையாக எழுதிவைத்திருந்தது. திருத்தம் கருவகத்தை மாற்றியதும் முகவரிகள் இடம் மாறின. தீநிரல் தவறான இடத்துக்குத் தாவியது; கணினி விழுந்தது. வட்டைப் படிக்க அந்த இயக்கி இல்லாமல் முடியாது என்பதால் பாதுகாப்பு முறைமையிலும் (சேஃப் மோட்) எழவில்லை.

இரண்டு வழிகளில் அந்தக் கணினிகளை எழவைக்க முடிந்தது. திருத்தத்தை நீக்கினாலும் எழுந்தன. குறுவட்டிலிருந்து மீட்பு முனையத்தை (ரிக்கவரி கன்சோல்) எழுப்பி, இயக்கிக் கோப்பின் தூய படியை வைத்தாலும் எழுந்தன. முதல் வழியில் கணினி எழுந்தது, ஆனால் தீநிரல் உள்ளேயே இருந்தது. மார்ச் தொடக்கத்தில், கணினியின் நிலையைச் சோதித்த பிறகே நிறுவிக்கொள்ளும் திருத்தமாக அது மீண்டும் வந்தது. கையேட்டில் ‘எழுதல்’ ஒரு நிலை, ‘தூய்மையாதல்’ இன்னொரு நிலை என்று இரண்டு தனிச் சொற்களை நான் வற்புறுத்துவது இதனால்தான். கடையில் கணினியைத் திருப்பிக் கொடுப்பவர் “எழுந்துவிட்டது” என்று மட்டும் சொன்னால், “தூய்மையாகிவிட்டதா?” என்று வாடிக்கையாளர் கேட்க வேண்டும்.

இனி, இச்சொற்களால் எழுதிய மீட்புப் பகுதியைத் தருகிறேன். படித்துத் தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

“எழாத கணினியில் எதையும் சரிசெய்யும் முன் வன்தட்டைக் கழற்றி, தூய்மையான வேறொரு கணினியில் கூடுதல் வட்டாக இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கவும். அந்த வட்டிலிருந்து எழுப்ப வேண்டாம்; அதிலுள்ள நிரல் எதையும் திறக்க வேண்டாம். விண்டோஸின் வட்டு மறையாக்கமான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இல்லாமல் படியெடுக்க முடியாது. அதை முதலில் தேடி எடுக்கவும். பிறகு, தூய கணினியில் உருவாக்கிய பென் டிரைவிலிருந்து எழுப்பி, வெளியிலிருந்து தீநிரலைத் தேடி நீக்கவும். அதன் பிறகே எழுப்பியைத் தொடவும். பழைய முறை வட்டாக இருந்தால், மீட்புச் சூழலில் பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்எம்பிஆர், பிரிவு அட்டவணையைத் தொடாமல் எழுப்பும் நிரலை மட்டும் புதிதாக எழுதும். யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை நிலைபொருள் உள்ள கணினியில் எழுப்பி முதல் துண்டத்தில் இல்லை. எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் அமைந்த தனி எழுப்புப் பிரிவில் கோப்பாக இருக்கிறது. அங்கே ஃபிக்ஸ்எம்பிஆர் பயன்படாது. அந்தப் பிரிவுக்கு ஓர் இயக்கக எழுத்துக் (டிரைவ் லெட்டர்) கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் எழுப்பிக் கோப்புகளைப் புதிதாக வைக்கவும். லினக்ஸ் என்றால் வெளியிலிருந்து எழுப்பி, நிறுவிய அமைப்புக்குள் வேர்மாற்றி (சிஎச்ரூட்), கிரப் என்ற எழுப்பியை மறுபடி நிறுவவும். பிரிவு அட்டவணையே அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் பல வேளைகளில் அதைத் தேடிக் கட்டித் தரும். கணினி தூய்மையான பின் கடவுச்சொற்களை மாற்றவும்.”

யூஇஎஃப்ஐ கணினிக்கும் ஃபிக்ஸ்எம்பிஆர் போடச் சொல்லும் குறிப்புகள் இணையம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்படுகின்றன. துண்டம், பிரிவு, எழுப்பி என்று மூன்று தனிப் பெயர்கள் இருந்தால், தவறு எந்த இடத்தில் என்று ஒரு வாக்கியத்தில் காட்டிவிட முடியும்.

எழுப்பிக்கும் முந்தைய நிலையில் தீநிரல் இருந்தால் இவை எவையும் உதவா. 2018இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் என்ற தீநிரல் தாய்ப்பலகையின் நிலைபொருள் சில்லிலேயே தன்னை எழுதிக்கொண்டது. வன்தட்டை மாற்றினாலும் அது திரும்பி வரும். நிலைபொருளையே மறுபடி எழுத வேண்டும். ஆகவே அதை ‘எழுப்பித் தீநிரல்’ வகையில் சேர்க்காமல் ‘நிலைபொருள் தீநிரல்’ என்று தனியாக வைக்கப் பரிந்துரைக்கிறேன். 2023இல் ஈசெட் அலசி வெளியிட்ட பிளாக்லோட்டஸ் சரியான எழுப்பித் தீநிரல். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற, ஆனால் ஓட்டை உள்ள பழைய எழுப்பியைக் கொண்டுவந்து, ‘காப்பெழுகை’ (செக்யூர் பூட்) என்று நான் சொல்ல விரும்பும் பாதுகாப்பையே தாண்டியது.

தடைகள் இரண்டுக்கு விடை. உறக்கநிலையிலிருந்து வருவதும் எழுவதுதானே என்று பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். அதற்கு ‘விழி’ இருக்கிறது, ஐயா. உறங்கியது விழிக்கும், அணைந்தது எழும். விழித்தபின் எழாமல் படுத்திருப்பவரைத் தமிழ் எப்போதும் வேறாகவே சொல்லி வந்திருக்கிறது. ‘எழல்’ என்பது எழவை நினைவூட்டுகிறது என்ற இன்னொருவரின் மனத்தடை நியாயமானது. அதனால் பெயர்ச்சொல்லாக எழலை விட்டு எழுகையை எடுத்துக்கொண்டேன். ‘எழுச்சி’ அரசியலுக்கும் பள்ளியெழுச்சிக்கும் உரியதாக இருக்கட்டும்.

எனக்கு இன்னும் நிறைவு தராதது ‘துண்டம்’. ‘வட்டக்கூறு’ என்று முன்பொருமுறை இங்கே பேசியிருக்கிறோம். ஆனால் இன்றைய திண்மநிலை வட்டுகளில் (எஸ்எஸ்டி) வட்டம் எதுவும் இல்லை. ‘கூறு’ என்று மட்டும் வைத்தால் செயற்கூறோடு மோதும். சேமிப்பகத்தின் மிகச் சிறிய அலகைக் குறிக்க இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால், மேலே உள்ள மீட்புப் பகுதியில் வைத்துப் பார்த்து அந்த வாக்கியத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்