ஜக்கார்டு கட்டங்கள் வேலண்டில் சீராகத் தெரிய வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுபவர்களுக்காக, ஜக்கார்டு தறியில் நெய்யும் டிசைனின் கட்ட வரைபடமான கிராஃபைக் கட்டம் கட்டமாக நிரப்பும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் கியூட்டி 6 (Qt 6) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதி வருகிறேன். நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு பாவு இழை, கிடைவரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊடை இழை என்பதால், கட்டங்களின் அகலம் சற்றே மாறினாலும் இழை எண்ணுபவரின் கண் தடுமாறிவிடும்.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் வேலண்டில் (Wayland) திரை அளவை 125 விழுக்காடாக வைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. 8 புள்ளிக் கட்டம் திரையில் சரியாக 10 புள்ளியாகிறது. 6 புள்ளிக் கட்டமோ ஏழரையாகி, ஒன்று 7, அடுத்தது 8 என்று மாறி மாறி விழுகிறது. படத்தைப் பெரிதாக்கினாலும் கோட்டின் தடிமனை மாற்றாத காஸ்மெட்டிக் பேனாவைப் பயன்படுத்தியதில் கோட்டின் தடிமன் சீரானதே தவிர, கட்டத்தின் அகலம் சீராகவில்லை.

வேலண்டின் பின்ன அளவு நெறிமுறை, அளவை 120-இன் பங்காக அனுப்புகிறது. 125 விழுக்காடு என்பது 150 (அதாவது 150/120) என்று வரும். ஆகவே கட்டத்தின் அகலத்தை முதலில் திரைப்புள்ளியில் முழு எண்ணாக முடிவு செய்து, பிறகு அளவு விகிதத்தால் வகுப்பதே முறை என்று கருதுகிறேன். ஆனால் படத்தை நகர்த்தும்போது தொடக்கப் புள்ளி பின்னத்தில் நின்றுவிடுகிறது. இதை, நான் இப்போது பயன்படுத்தும் கியூட்டியின் வரைபடப் பகுதியான கிராஃபிக்ஸ் வியூவிலேயே சரிசெய்தவர்கள் உண்டா, அல்லது கியூட்டியின் மற்றொரு இடைமுகப் பகுதியான கியூட்டி குவிக்கிற்கு மாறி, ஷேடரில் (கிராஃபிக்ஸ் செயலியில் ஓடும் சிறு நிரலில்) கோடு வரைவதுதான் நல்லதா? இங்குள்ள கணினிகளில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்ட வேண்டுகிறேன்.