முதல்முறை ஃபேண்டசி பிரீமியர் லீக்: சாலா, ஹாலண்ட் இருவரையும் வாங்கலாமா? (ஆகஸ்ட் 2025)

புதுவரவு:
அலுவலக நண்பர்கள் ஃபேண்டசி பிரீமியர் லீக்கில் ஒரு தனி லீக் தொடங்கி என்னையும் இழுத்துவிட்டார்கள். கால்பந்து பார்ப்பேன், இந்த இணைய விளையாட்டு புதிது. நிஜ வீரர்களைக் கொண்டு நாமே ஓர் அணி கட்ட வேண்டும், நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி. 100 மில்லியன் விளையாட்டுப் பணத்துக்குள் 15 வீரர்கள், ஒரு கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது என்பது வரை புரிந்தது. லிவர்பூலின் சாலா 14.5, மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் 14. இருவரையும் எடுத்துவிட்டேன். மீதி 71.5 மில்லியனில் பதின்மூன்று பேரைத் தேற்றியதில், டிஃபெண்டர்களில் மூவர் எந்தக் கால்காரர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் 15 இரவு 11 மணிக்குக் கெடு. இப்படியே விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
விடாதீர்கள். பெயர் தெரியாத அந்த மூவர்தான் உங்களைக் கவிழ்க்கப்போகிறவர்கள். களத்தில் 60 நிமிடம் நின்றாலே 2 புள்ளி. உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. நீங்கள் களமிறக்கும் பதினொருவரும் தத்தம் கிளப்பில் வாராவாரம் முதலிலிருந்தே இறங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

சாலாவோ ஹாலண்டோ, ஒருவர் போதும். சாலாவை விட்டால் அந்த இடத்துக்கு 7.5 மில்லியனில் நல்ல மிட்ஃபீல்டர் கிடைப்பார். மிச்சமாகும் 7 மில்லியனில் மற்ற மூன்று நான்கு பேரை ஒரு படி மேலேற்றலாம்.

முதல் மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வாரம் ஒரு மாற்றம் இலவசம். பயன்படுத்தாமல் விட்டால் ஐந்து வரை சேரும். கையிருப்பைத் தாண்டி மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி பிடித்துக்கொள்வார்கள். ஃபார்வர்டு ஒருவர் கோல் அடித்தால் கிடைப்பதே 4 புள்ளிதான். ஆக, புதிதாக வருபவர் கோல் அடித்த பிறகுதான் நீங்கள் பழைய இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

வடசென்னை_விங்கர்:
தம்பி, இவர் பேச்சைக் கேட்டால் மே மாதம் உங்களுக்கு நடு இடம் உறுதி. யாரும் கேலி செய்ய மாட்டார்கள். நீங்கள் ஆடினீர்கள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

2023-ல் கோல் பால்மர் செல்சிக்கு வந்தபோது விலை 5 மில்லியன். சீசன் முடிவில் 244 புள்ளிகள். அந்த ஆண்டு அவருக்கு மேல் ஒருவரும் இல்லை. 2015-16-ல் லெஸ்டரின் மாரெஸ் 5.5 மில்லியன், 240 புள்ளிகள். கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இவர்களை எப்போது பிடித்திருப்பார்கள்? துணிந்து எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பால்மரை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. செல்சிக்காக அவர் அடித்த முதல் கோல் அக்டோபர் 7, பர்ன்லிக்கு எதிராக, அதுவும் பெனால்டி. அந்த சீசனின் 22 லீக் கோல்களில் ஒன்பது பெனால்டி. பந்தை எடுத்து வைப்பவர் இவர்தான் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் மலிவாகத்தான் கிடைத்தார். ஒரு மாதம் பொறுத்து வாங்கியவருக்கு என்ன நட்டம்? செப்டம்பரில் பாய்ந்தவர்கள் அவரை மட்டுமா வாங்கினார்கள்? முதல் இரண்டு வாரம் கோல் அடித்துவிட்டுக் காணாமல் போனவர்களின் பட்டியலை யாரும் இங்கே எழுதுவதில்லை.

வடசென்னை_விங்கர்:
பொறுத்தவர்களுக்கு விலை ஏறிவிடும் ஐயா.

கணக்குப்பிள்ளை:
ஏறட்டும். 5.0-க்கு வாங்கியவர் 5.3 ஆனால், விற்கும்போது கைக்கு வருவது 5.1. லாபத்தில் பாதிதான் உங்களுக்கு, அதிலும் பின்னத்தைக் கீழே தள்ளிவிடுவார்கள். இந்த 0.1-க்காகச் செவ்வாய்க்கிழமையே மாற்றிவிட்டு, அந்த வீரர் வியாழக்கிழமை பயிற்சியில் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்த செய்தியைப் படிப்பவர்கள் ஏராளம். கெடுவுக்கு முன்பு மேலாளர்கள் பத்திரிகையாளர்களிடம் பேசுவார்கள். யாருக்குக் காயம் என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். அதிலும் மான்செஸ்டர் சிட்டி மேலாளர் கார்டியோலா வீரர்களைச் சுழற்றும் வேகத்தில், சிட்டியின் விங்கர்களை நம்பிப் பணம் போடுவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும்.

பின்வரிசை:
இருவரும் கோலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த சீசனில் புது விதி வந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு டிஃபெண்டர் ஒரே ஆட்டத்தில் டாக்கிள், இடைமறிப்பு, பந்தை அடித்து விரட்டுவது, தடுப்பது எல்லாம் சேர்த்துப் பத்தைத் தொட்டால் 2 புள்ளி. அணி தோற்றாலும் உண்டு. முன்பெல்லாம் கிளீன் ஷீட்டுக்கான (அணி கோலே வாங்காமல் ஆட்டத்தை முடிப்பது) 4 புள்ளியை நம்பிப் பெரிய கிளப்பின் டிஃபெண்டருக்கு 6 மில்லியன் கொடுத்தோம். இப்போது நாள் முழுவதும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் சின்ன கிளப்பின் நடு டிஃபெண்டர் 4.5-க்கே சோறு போடுவார். புதுவரவு நண்பரே, அந்த மூன்று பேரை இப்படித் தேடுங்கள்.

வடசென்னை_விங்கர்:
பார்த்தீர்களா, மலிவான டிஃபெண்டர்கள் தேறினால் சாலாவும் ஹாலண்டும் சேர்ந்தே நிற்கலாம்! சாலா போன சீசனில் 29 கோல், 18 அசிஸ்ட், 344 புள்ளிகள். இதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. மிட்ஃபீல்டர் என்று பட்டியலிட்டிருப்பதால் அவர் கோலுக்கு 5 புள்ளி. கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. ஒரு வாரம் அவர், மறுவாரம் இவர் என்று எளிதான எதிரணியைப் பார்த்துக் கேப்டனை மாற்றிக்கொண்டே போகலாம்.

கணக்குப்பிள்ளை:
344 போன ஆண்டுக் கணக்கு. இவருக்கு இப்போது 33 வயது. டிசம்பர் 21-ல் மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்குகிறது, எகிப்துக்குப் போய்விடுவார். இரட்டிப்பு என்பது வாரத்துக்கு ஒருவருக்குத்தான். மற்றவர் அந்த வாரம் 14 மில்லியன் விழுங்கிவிட்டுச் சாதாரண ஆளாக நிற்பார்.

புதுவரவு:
ஒரு சந்தேகம். பாதிப் பேருக்கு மேல் வைத்திருக்கும் வீரரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

வடசென்னை_விங்கர்:
அது உலகத் தரவரிசைக்கு ஓடுகிறவர்கள் சொல்வது. போன ஆண்டு 1.1 கோடிக்கு மேல் அணிகள் இருந்தன. அவ்வளவு பேர் நடுவில் எல்லோரிடமும் உள்ளவர் உங்களிடம் இல்லாவிட்டால், அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலும் உங்களைக் கீழே தள்ளும். உங்கள் லீக்கிலோ விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள். அவர்களிடம் உள்ள அதே பதினைந்து பேரை வைத்துக்கொண்டு எப்படி முந்துவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
முந்தவே வேண்டாம், அவர்களே பின்தங்குவார்கள். அலுவலக லீக்குகளில் தீபாவளி தாண்டினால் பாதிப் பேர் அணியைத் திறந்தே பார்ப்பதில்லை. காயம்பட்டவரை நீக்காமல், தடைபெற்றவரைக் கேப்டனாக வைத்துக்கொண்டு அப்படியே கிடப்பார்கள். ஊரோடு ஒத்து வாழ்ந்தால் இங்கே முதல் மூன்றுக்குள் வரலாம். இன்னொன்று: இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றுவார்கள். அதுவரை சனிக்கிழமைக் கெடு பெரும்பாலும் நமக்குப் பிற்பகல் 3.30, பிறகு 4.30. கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னை_விங்கர்:
முதல் மூன்றுக்குள்! உங்கள் ஆசையின் எல்லை அவ்வளவுதான். தம்பி, வைல்ட்கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் அந்த வாரம் பதினைந்து பேரையும் இலவசமாக மாற்றலாம். இந்த ஆண்டு இரண்டு. முதலாவதை 19-ஆவது வாரக் கெடுவுக்குள் தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. ஆகவே பயப்படாமல் இருவரையும் வைத்துத் தொடங்குங்கள். சரிவராவிட்டால் செப்டம்பர் தொடக்கத்தில் தேசிய அணி ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் இடைவேளையில் கலைத்துவிடலாம்.

பின்வரிசை:
அந்த இடைவேளைக்குள் கிளப்புகள் வீரர்களை வாங்கும் காலமும் முடிந்திருக்கும். யார் எந்த கிளப் என்பதும் தெளிவாகிவிடும். வைல்ட்கார்டுக்கு ஏற்ற நேரம்தான்.

கணக்குப்பிள்ளை:
நேரம் சரி. கலைப்பதற்கென்றே ஓர் அணியைக் கட்டச் சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன்.

புதுவரவு:
சாலாவை நீக்கிவிட்டேன். ஹாலண்ட் கேப்டன். 4.5 மில்லியனில் இரண்டு நடு டிஃபெண்டர்கள் கிடைத்தார்கள். 0.5 கையில் நிற்கிறது.

வடசென்னை_விங்கர்:
லிவர்பூலின் முதல் ஆட்டமே ஆன்ஃபீல்டில், போர்ன்மவுத்துடன். அதற்கு முந்தைய நாள் சாலாவை வெளியே அனுப்புகிறீர்கள். சனிக்கிழமை காலை இங்கே வந்து பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வரட்டும், பேசலாம். அதற்கு முன் வைஸ் கேப்டன் யார் என்று பாருங்கள். ஹாலண்ட் இறங்காவிட்டால் இரட்டிப்பு அவருக்குத்தான் போகும்.

புதுவரவு:
பார்த்தேன். கோல்கீப்பர் இருக்கிறார். மாற்றுகிறேன்.